வாழ்த்து அட்டையின் பின்பக்கம்

பழவேற்காடு
பிப்ரவரி 24, திங்கட்கிழமை

பிரவீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நலமாக இருக்கிறோம். நானும் உன் நைனாவும் என்று எழுதியிருப்பதை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே படி. நீ அங்கே நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன், பதில் வேண்டாம். ஃபோனில் பேசினால் நாலாவது வார்த்தையில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, வாட்சப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன், காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கார்டு செய்ய நீ வாங்கச் சொன்ன அதே தடித்த வெள்ளைக் காகிதம்தான், வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளில் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரியாதது இதில் பாதிகூட இல்லை, ஆனாலும் உன்னை உட்கார வைத்துக் கேட்க வைக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வாழ்த்து அட்டை வேலையை ஆரம்பித்து வைத்தவன் நீ. நெதர்லாந்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பூநாரையும் ஏரியும் வரைந்து அனுப்புவாய், வளர்மதி தன் ஜெராக்ஸ் கடை பிரிண்டரில் கலரில் அச்சடித்துக் கொடுப்பாள், அந்தப் படத்தின் மேல் பூநாரைக்குக் கால் பனை ஓலையில், ஏரிக்கு அலை வலைத் துண்டில், கரைக்கு நான் மெல்லிய பிரஷ்ஷால் வைக்கிற புள்ளிக் கோலம். அந்த வலை எங்கே இருந்து வருகிறது? லைட்ஹவுஸ் குப்பத்தில் கிழிந்துபோய்க் கழித்துப் போடுகிற வலை. அதை மூன்று தண்ணீரில் அலசி, மாடியில் காயப்போட்டு, கவிச்சி போய்விட்டதா என்று மூக்கில் வைத்து வைத்துப் பார்த்து, அளவு அட்டை வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டுகிறவர் யார்? உன் நைனா துளசிங்கம். ஈரக்காற்றில் காகிதம் சுருண்டுபோனால் மேலே பருத்தித் துணி போட்டு இஸ்திரி வைக்கிறவர் யார்? அவர்தான். ஐஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஐஸ் பாளம் இழுத்து முட்டி போய் வீட்டோடு உட்கார்ந்த மனிதருக்கு இந்த வேலை வந்த பிறகுதான் காலையில் சவரம் செய்துகொள்ளவே ஒரு காரணம் கிடைத்தது.

கார்டின் பின்பக்கம் ஒட்ட நீ ஒரு ஸ்டிக்கர் அனுப்பினாய். நான்கு வரி டச்சு எழுத்து, அதன் கீழே ஃபோனை வைத்தால் திறக்கிற கறுப்புக் கட்டம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, கம்பெனி பேர், விலாசம், கையால் செய்தது என்கிற விவரம், அவ்வளவுதான் என்றாய். ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையை உன் நைனா யாருக்கும் கொடுக்கவில்லை. நான் ஒட்டினால் கோணலாகிவிடுகிறது என்று சொல்லி அவரே எடுத்துக்கொண்டார். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் புள்ளி வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் நகத்தால் தேய்த்து, ஒன்றன்பின் ஒன்றாக அறுநூறு கார்டு ஒட்டினார். கறுப்புக் கட்டத்தில் ஃபோனை வைத்தால் என் படமும் என் பாட்டும் வருகிறது என்று கண்டுபிடித்த நாளன்று டீக்கடையில் போய் எல்லாருக்கும் காட்டினார், எம் புள்ள பண்ணதுபா என்று. அங்கே யாருக்கும் டச்சு தெரியாது, நல்லவேளை.

பொங்கலுக்கு அடுத்த வாரம் டச்சுக் கல்லறையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டோக்காரரிடம் கார்டைக் காட்டி விசாரித்து நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வாசலில் நானும் லைட்ஹவுஸ் குப்பத்துச் சூசையம்மாளும் உட்கார்ந்திருந்தோம். அவள் கார்டில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள், நான் ஓலை ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வெள்ளைப் பூங்கொத்து ஒன்றை என் மடியில் வைத்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் தன் ஃபோனில் என்னவோ பேசினாள், ஃபோன் அதைத் தமிழில் சொன்னது, உங்கள் கணவர் கடலில் இறந்ததற்கு நாங்கள் மிகவும் வருந்துகிறோம் என்று. பிரவீன், அதைக் கேட்டதும் யார் எழுந்து நின்றது தெரியுமா? சூசையம்மாள். மடியிலிருந்த ஊசி நூலைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அந்த அம்மா எதிரே போய் நின்றாள். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் புருஷனுக்காக இத்தனை வருஷம் கழித்து எங்கிருந்தோ ஒருத்தி அழுதுகொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். அந்த அம்மா அவளைத் தாண்டி மறுபடியும் என் கையைத்தான் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து உன் நைனா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். இவர்தான் என் வீட்டுக்காரர் என்றேன், ஃபோன் அதை அவர்களுக்குச் சொன்னது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வேறு கல்யாணம் செய்துகொண்டேன் என்று நினைத்திருப்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள், ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு, கார்டு வாங்கிய கடையின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வளர்மதி வந்து அந்த ஸ்டிக்கருக்கு மேலே தன் ஃபோனைப் பிடித்தாள், டச்சு எழுத்து அப்படியே தமிழாக மாறியது. என் தந்தை மீன்பிடிக்கப் போய்க் கடலிலிருந்து திரும்பவில்லை, அவர் விட்டுச்சென்ற வலையை என் தாய் தன் கையால் வெட்டி உங்களுக்கு வாழ்த்து அனுப்புகிறாள். அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை உன் நைனாதான் ஃபோனை வாங்கிப் படித்தார்.

மீன்பிடிக்கப் போனவர்! ஏரிக்குள் சும்மா படகுச் சவாரிக்குக் கூட்டிப்போனதற்கே வாந்தி எடுத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தே கரைக்கு வந்தவர் உன் நைனா. ஏர் பிடித்த வீட்டில் பிறந்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த மனிதர். அவரை நீ கடலில் மூழ்கடித்தாய், அதற்கான அறிவிப்பை அவர் கையாலேயே அறுநூறு தடவை ஒட்ட வைத்தாய். அவர் என்ன செய்தார் என்கிறாயா, சிரித்தார். அங்க தான செத்தேன், இங்க நல்லாதான கீறேன், வுடு, புள்ள பொழப்பு என்றார். சிரித்துவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அன்றைக்குத்தான் பழையதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. போன தடவை லீவில் வந்து என்னைப் படம் எடுத்தாயே, அதற்கு முன்னால் சந்தன நிறப் புடவை கட்டச் சொன்னாய், காகிதத்தோடு சேருமாம். பெரிய பொட்டு கேமராவில் கண் கூசும், எடுத்துவிடு என்றாய். பூ வேண்டாம், முகத்துக்கு நிழல் விழுகிறது என்றாய். தாலிச் சரடை உள்ளே விட்டுக்கொள், வெளிச்சம் அடிக்கிறது என்றாய். நான் பைத்தியக்காரி, படிச்ச பிள்ளை, படம் எடுக்கத் தெரிந்த பிள்ளை என்று நீ சொன்னதையெல்லாம் செய்தேன். எதிரே வெளிச்சத்துக்கு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவரே உன் நைனாதான். புருஷன் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டியைத் தாலியறுத்தவளாக உட்கார வைத்துப் படம் எடுக்க உனக்கு எப்படிக் கை வந்தது? பாட்டு என்று போட்டிருக்கிறாயே, அது உன் அக்கா குழந்தையைத் தொட்டிலில் போட்ட அன்றைக்கு நான் பாடிய தாலாட்டு. அதற்குக் கீழே ஒப்பாரி என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குழந்தையின் பேரைக்கூட அதில் நான் சொல்லியிருக்கிறேன், உன் நல்ல காலம் உன் வாடிக்கையாளர்களுக்குத் தமிழ் தெரியாது.

ஸ்டிக்கரில் இருந்ததைக் கேட்ட சூசையம்மாள் நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. நானே லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனேன், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷன் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தபோது நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய், மூன்று நாள் அந்தக் கரையில் நானும் நீயும்தான் அவளோடு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் நீந்தி வந்தார்கள், அவன் வரவே இல்லை, உடம்புகூடக் கிடைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் நீ தூக்கிக்கொண்டு போய் உன் நைனா தலையில் கட்டியிருக்கிறாய். அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். கேட்டிருந்தா நானே குட்த்திருப்பேனே சுதா, இன்னாத்துக்குத் திருடணும் என்றாள். எனக்கு அங்கே சும்மா நிற்க முடியவில்லை. கருவாட்டைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன், அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உனக்கு ஃபோன் செய்தேன். ஸ்டோரி இல்லாம இங்க எதுவும் போவாதும்மா, எல்லாரும் பண்றதுதான் என்றாய். நைனாவே ஒண்ணியும் சொல்லல, உனக்கு இன்னா என்றாய். மீட்டிங் என்றாய். பிள்ளை யோசிப்பான், நாலு நாளில் மாற்றிவிடுவான் என்று அப்போதும் எனக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது.

இந்த மாதம் ஏழாம் தேதி அங்கே நம் கார்டை விற்கிற கடைக்காரம்மா வருகிறாள், கார்டு செய்வதைப் பார்க்க வேண்டுமாம், நன்றாகக் கவனி என்று எனக்கு மட்டும் மெசேஜ் அனுப்பினாய். கவனிக்கத்தான் போகிறேன் என்று நான் காத்திருந்தேன். அரக்குப் பட்டு கட்டினேன், இருப்பதிலேயே பெரிய பொட்டு வைத்தேன், ஒரு முழம் மல்லிகை வைத்தேன், தாலியை எடுத்து வெளியே போட்டேன். நைனாவுக்கு வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டேன், அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பேசுவது என்று முடிவாக இருந்தேன். கார் வந்து நின்றது. அவளும், தமிழ் பேச சென்னையிலிருந்து ஒரு பெண்ணும், வீடியோ எடுக்க ஒருவனும் இறங்கினார்கள். என்னங்க என்று உள்ளே கூப்பிட்டேன், ஆள் இல்லை. தொங்கவிட்ட சட்டை இல்லை. வாசலில் செருப்பு இல்லை. ஜன்னலில் எப்போதும் இருக்கிற மூக்குக்கண்ணாடி டப்பா இல்லை, மாத்திரைச் சீட்டு இல்லை. ஒரு ஆம்பளை அந்த வீட்டில் இருக்கிறான் என்பதற்கு ஒரு அடையாளம் இல்லை.

கடைக்காரம்மா என் கையைப் பிடித்து என்னவோ கேட்டாள், உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் தமிழில் சொன்னாள். என் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார், இதோ இப்போது வந்துவிடுவார் என்றேன். அந்தப் பெண் அதை மாற்றிச் சொன்னதும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லை, சத்தியமாக வருவார், இங்கேதான் எங்கேயோ போயிருக்கிறார், சட்டைகூட இஸ்திரி போட்டு வைத்தேன் என்று நான் சொல்லச் சொல்ல அவள் இன்னும் அழுதாள். போனவன் வருவான் என்று பட்டுக் கட்டி, பூ வைத்து, சட்டை இஸ்திரி போட்டுக் காத்திருக்கிற பைத்தியம் என்று என்னை முடிவு செய்துவிட்டாள். கேமராக்காரன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். ஒன்றரை மணி நேரம் நான் தெருவைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன், அதையும் எடுத்தான்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து உன் நைனா பின்பக்கமாக வந்தார். வேலிகாத்தான் புதரைத் தாண்டி அந்தப் பழைய படகு மறைவில் இவ்வளவு நேரம் வெயிலில் குந்தியிருந்திருக்கிறார். முட்டி பந்தாட்டம் வீங்கி இருந்தது, கல்லும் முள்ளும் குத்தி வெறுங்காலோடு நொண்டி நொண்டி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. வாங்கி உள்ளே பார்த்தேன், சட்டை, கண்ணாடி டப்பா, மாத்திரை, சவர செட்டு, அடியில் அவருடைய செருப்பு. செருப்புத் தடம் மணலில் விழுந்தால் தெரிந்துவிடும் என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பிடித்து உலுக்கினேன். அப்புறம்தான் சொன்னார், நீ முதல் நாளே அவருக்குத் தனியாக ஃபோன் செய்த விஷயத்தை. ஒரு ரெண்டு மணி நேரம் வெளிய இருங்க நைனா, உங்க சாமான் எதுவும் கண்ல படக்கூடாதுன்னு கெஞ்சினான், ஆர்டர் போச்சுன்னா புள்ள பேஜாராயிடுவான் என்றார். அதைச் சொல்லும்போதும் உனக்காகத்தான் பேசினார்.

அங்கே மட்டும்தானே செத்தேன் என்று சிரித்த மனிதரை நீ அவர் வீட்டிலேயே, அவர் கட்டின சுவருக்குள்ளேயே இல்லாமல் ஆக்கிவிட்டாய். அன்றிலிருந்து தெருவில் ஏதாவது கார் சத்தம் கேட்டால் அவர் எழுந்து உள்ளே போகிறார். மீன் ஏற்ற வருகிற வண்டி என்று சொன்னாலும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறார். செருப்பை வெளியே விடுவதே இல்லை, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். அவர்கள் வந்துபோன அடுத்த வியாழக்கிழமை அந்த வீடியோவை வளர்மதி காட்டினாள். நான் தெருவைப் பார்க்கிறேன், கீழே எழுத்து ஓடுகிறது, இன்னும் அவருக்காகக் காத்திருக்கிறாள் என்று. பெற்ற தாயைப் பார்த்து அந்த வரியை உட்கார்ந்து டைப் அடித்தவன் நீ. உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று நான்கு நாள் யோசித்தேன், எனக்குத் தெரிந்த வார்த்தை எதுவும் போதவில்லை.

ஆகவே செய்ததைச் சொல்கிறேன். மே மாதம் அங்கே வருகிற அன்னையர் தினத்துக்கு நீ கேட்ட முன்னூறு கார்டும் தயாராக இருந்தன. உன் ஸ்டிக்கர் ஒன்றையும் ஒட்டவில்லை, அந்த ரோலை அடுப்பில் போட்டேன், பிளாஸ்டிக் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. வளர்மதி புதிதாக அச்சடித்துக் கொடுத்தாள், டச்சிலும் தமிழிலும். வலையைத் துவைத்து வெட்டியவர் என் கணவர் துளசிங்கம், அவர் உயிரோடு நலமாக இருக்கிறார், என் மகன் பொய் சொன்னான், தையல் சூசையம்மாள், கோலம் சுதா. அவ்வளவுதான். தன் புருஷனைப் பற்றி எதுவும் வேண்டாம் என்று சூசையம்மாள் சொல்லிவிட்டாள், அவள் சொன்னபடியே விட்டேன். நைனா ஒட்ட மாட்டேன் என்றார். வேணாம் சுதா, அவன் மானம் போயிடும் என்று என் காலைத் தொடாத குறையாகக் கேட்டார். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து ஒட்டினேன், அவர் எதிரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது நாள் மத்தியானம் நான் சோறு வடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால், நான் கோணலாக ஒட்டியதையெல்லாம் தனியாகப் பொறுக்கி எடுத்து, பிரித்து, ஸ்கேல் வைத்து நேராக ஒட்டிக்கொண்டிருந்தார். பார்சல் உன் வீட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமை பொன்னேரி போஸ்ட் ஆபீசில் கொடுத்து அந்த வெள்ளைக்காரர்கள் எழுதிக் கொடுத்த கடைக்காரம்மா விலாசத்துக்கே நேராக அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலோ பின்னாலோ அதுவும் போய்ச் சேரும். அவளுக்கு என்ன பதில் சொல்கிறாய் என்பது உன் பாடு.

அங்கே குளிர் இன்னும் இருக்கும், காதை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டு, வெறும் ரொட்டி தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது, நீயே சொல். நைனா முட்டிக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமை பொன்னேரிக்குக் கூட்டிப்போகிறேன். எனக்கு ஃபோன் செய்யாதே, எடுக்க மாட்டேன். நைனா நம்பருக்குச் செய். அவர் எடுத்ததும் வியாபாரம் பேசாதே, வாசலில் போய் உட்காருங்கள் நைனா, யார் வந்தாலும் எழுந்து போகாதீர்கள் என்று உன் வாயால் சொல். நான் நூறு தடவை சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை, நீ சொன்னால்தான் கேட்பார். கடிதத்தின் கடைசியில் வழக்கமாக எழுதுகிற ஆசீர்வாதத்தை நான் இந்தத் தடவை எழுதவில்லை, எனக்கு மனசு வரவில்லை. அதை உன் நைனாவிடம் கேட்டு வாங்கிக்கொள். கேட்டதும் கொடுத்துவிடுவார், கையில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இப்படிக்கு,
துளசிங்கத்தின் மனைவி
சுதா